நலக்கஞ்சி

முப்பிடாதியின் கால் எலும்புக்குள் துருப்பிடித்த ஆணியைச் செருகி யாரோ மெதுவாகத் திருகிக்கொண்டிருந்தார்கள். முழங்காலிலிருந்து பாதம் வரை குடைச்சல். இடுப்பு தனியே கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. மூக்கில் தண்ணீர் ஒழுகியது. கொட்டாவி மேல் கொட்டாவி வந்தது. குளிரே இல்லாத அறையில் கை மயிரெல்லாம் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

திருநெல்வேலியின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவள் வந்து சேர்ந்தபோது இதெல்லாம் இல்லை. இரண்டாம் நாளிலிருந்து பிடித்துக்கொண்டது. காரணம் என்ன என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. மெத்தைதான் காரணம். சிமெண்ட்டுத் தரையில் படுத்துக் கிடந்த உடம்பைப் பஞ்சில் போட்டால் அது நமத்துப்போன அப்பளமாகத்தான் ஆகும். அப்புறம் அந்த இட்லி. பல்லில்லாதவனுக்காக அவித்த மாதிரி ஒரு இட்லி, அதற்குத் தண்ணீரில் முகம் கழுவிய சட்னி. இதைத் தின்றுவிட்டா டாக்டர்கள் அறுக்கிறார்கள்? வீட்டுப் பானையிலிருந்து ஒரு சொம்பு பழைய சோற்று நீத்தண்ணி, கடித்துக்கொள்ள ரெண்டு சின்ன உள்ளி. அது போதும், எல்லாம் ஓடிப்போகும் என்று நினைத்தாள். நாக்கு அதைத் தேடியது. உடம்பே அதைத் தேடியது.

அவள் நோயாளி இல்லை. தம்பி உச்சிமாகாளிக்குத் தன் ஈரலில் பாதியை அறுத்துக் கொடுக்க வந்தவள். அவன் கீழ்த் தளத்தில் மஞ்சள் பூத்து, வயிறு பானை போல உப்பிக் கிடக்கிறான். காற்றாலை யார்டில் வேலை பார்ப்பவர்களில் கெடாத ஈரல் இருக்கக்கூடிய ஒரே ஆள் முப்பிடாதிதான் என்று ஊருக்கே தெரியும். அவள் மட்டும்தான் நலக்கஞ்சி குடிக்காதவள்.

பணகுடிப் பக்கம் கணவாய்க் காற்றை நம்பி நட்டிருந்த பழைய காற்றாலைகளுக்கெல்லாம் ஆயுசு முடிந்துவிட்டது. இறக்கி வந்த இறக்கைகளை அறுத்துத் துண்டு போடுவதுதான் யார்டு வேலை. ஒரு இறக்கை ஒரு தெரு நீளம் கிடக்கும். கண்ணாடி நாரும் பிசினும் கலந்து வார்த்தது. அறுத்தால் பறக்கிற தூள் தோலுக்குள் ஏறி ஆறு நாளைக்கு அரிக்கும். துண்டைத் தூக்கினால் முதுகு பேசும். இதற்கு இயந்திரம் இல்லாமல் இல்லை. இயந்திரம் பழுதானால் சரிபார்க்கும் செலவு கம்பெனிக்கு. ஆள் பழுதானால் செலவு அவன் பெண்டாட்டிக்கு. படித்தவர்கள் இந்தக் கணக்கில் மட்டும் தப்பு விடுவதில்லை.

ஆளுக்கு ஒரே ஒரு கோளாறு. வலித்தால் லீவு போடுவான். அதற்கும் கோட்டுப் போட்டவர்கள் ஒரு வழி கண்டார்கள்.

"ஒரு நொதியப் பழக்கி வச்சிருக்காவ அக்கா," என்று ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் உச்சிமாகாளிதான் வந்து சொன்னான். அவன் அறுப்புக் கோஷ்டியின் மேஸ்திரி. "தோசமாவப் பொங்க வைக்கில்லா, அந்தச் சாதி. இது கசகசாச் செடிப் பாலு செய்யுமாம். கஞ்சியோட குடிச்சா கொடலுக்குள்ள இருந்துக்கிட்டு, நாம திங்கிற சோத்தத் தின்னுட்டு, சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டே இருக்குமாம். போதை கெடயாது. வலி மட்டும் தெரியாது."

"அப்ப அபினின்னு சொல்லு."

"அப்பிடிச் சொல்லக் கூடாதாம். வலி மேலாண்மைன்னு சொல்லணுமாம்."

"சவத்துப் பயலுவ. மாட்டுக்கு லாடம் அடிச்சா அதுக்குப் பேரு கால் மேலாண்மையாலே?"

அவன் சிரித்தான். சிரித்துவிட்டு மறுநாள் வரிசையில் நின்று குடித்தான். எல்லாரும் குடித்தார்கள். நொதி குடலில் ரெண்டு நாளைக்கு மேல் தங்காது; தினமும் குடிக்க வேண்டும். அப்படித்தான் அதைச் செய்தே வைத்திருந்தார்கள். குடித்தவன் லீவு போடுவானா? சனிக்கிழமை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஆளுக்கொரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்கள். யார்டு அமைதியானது. முனகல் இல்லை, தைலவாடை இல்லை. ஒருநாள் சங்கரபாண்டி தேநீர் வேளையில் கையுறையைக் கழற்றி உதறினான். உள்ளேயிருந்து ஒரு விரல் விழுந்தது. "ஏ, இது எப்பம் போச்சு?" என்று பக்கத்து ஆளைக் கேட்டான். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள்.

யார்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது. மாதாமாதம் ரத்தம் எடுத்து, ஆளுக்கு ஆள் கொழுப்பு எவ்வளவு என்று அதில் எண் போடுவார்கள். கஞ்சி குடித்தவர்களின் எண் இறங்கிக்கொண்டே போனது. இறங்க இறங்கப் பச்சை விளக்கு. இருதயத்துக்கு நல்லது, மாரடைப்பு வராது என்று மைக்கில் சொன்னார்கள். ரொம்பவும் இறங்கியவனுக்குக் குக்கர் பரிசு. பெண் கேட்டு வந்தவர்கள் மாப்பிள்ளையின் பச்சையைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் ஜாதகம் கேட்டார்கள். கறி தின்று வளர்ந்த பயல்களெல்லாம் நடிகன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்தப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

முப்பிடாதி குடிக்கவில்லை. தூக்குச்சட்டியில் தன் வீட்டுப் பழையதைக் கொண்டுவந்து தனியாக உட்கார்ந்து தின்றாள். "வலிக்குப் பயந்த ஆம்பளையெல்லாம் வரிசையில நில்லுங்கவே. நான் ரெண்டு புள்ள பெத்து ரெண்டையும் மண்ணுல வச்சவ. எனக்கு எதுக்கு ஒங்க கஞ்சி?" என்பாள். அவள் வாய்க்குப் பயந்து யாரும் பதில் பேசுவதில்லை. அவள் எண்ணும் தானாகவே பச்சைக்கு இறங்கியபோது, பார்த்தீர்களா, உடம்பு என்றால் இது என்று அதையும் சொல்லிக் காட்டினாள்.

வெல்பேர் ஆபீசர் கிரிதரன் பழக்கூடையோடு வந்தார். கூடை மேல் கம்பெனி ஸ்டிக்கர். உள்ளே வந்தவர் உட்காராமல், நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு, அப்புறமும் உட்காராமல் நின்றார்.

"எப்படி இருக்கீங்கம்மா? உங்களை நினைச்சா கம்பெனிக்கே பெருமை."

"அவன் ஈரல் போனதும் கம்பெனிக்குப் பெருமதானா?"

"அதைப் பத்தித்தான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உச்சிமாகாளி சின்ன வயசுல சாராயம் சாப்பிட்டிருக்கலாம், இல்லையா? அப்படி ஒரு வார்த்தை நீங்க சொல்லிட்டா ஆபரேஷனுக்கு வேண்டியதெல்லாம் சுலபமா முடியும்."

"அவன் சுடலமாடனுக்கு ஆடுத கோமரத்தாடி. சாராயக் கடை இருக்குத தெருவுலயே நடக்க மாட்டான்."

"ஒரு பேச்சுக்கு..."

"நீரு நலக்கஞ்சி குடிக்கீரா?"

கிரிதரன் சிரித்தார். "எனக்கு உடம்பு வேலை இல்லையேம்மா."

"நின்னுக்கிட்டே இருக்கீரே, அது வேலதான. போயி உக்காரும், வெளிய."

அவர் போனார். ஆப்பிளை மட்டும் முப்பிடாதி எடுத்துக் கடித்தாள், பாதியிலேயே குமட்டியது. காலைத் தேய்த்து விட்டுக்கொண்டு கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். அழுகை இல்லை. கண் அதுபாட்டுக்கு வடிந்தது.

மத்தியானம் ஈரல் டாக்டர் ஆரபி வந்தாள். முப்பது வயதிருக்கும். ஊசி போட்டு எடுத்த ஈரல் துணுக்கின் முடிவு வந்திருந்தது. அவள் முகத்தில் போன தடவை இருந்த மரியாதை இல்லை.

"எத்தனை வருஷமா எடுத்துக்கறீங்க?"

"எத?"

"நலக்கஞ்சி. நீங்க குடிச்சதே இல்லைன்னு சொன்னீங்க. யார்டு கார்டுலயும் அப்படித்தான் இருக்கு, அதை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தோம். உங்க ஈரல் பாதி கொழுப்பும்மா. தழும்பு விழ ஆரம்பிச்சிருக்கு. இதை வெட்டி அவருக்கு வெச்சா ரெண்டு பேரும் போயிடுவீங்க."

"என் கொழுப்பு பச்சைல்லா? பலகையில போயி பாருங்க."

டாக்டர் பெருமூச்சு விட்டாள். இது அவள் நிறைய பேருக்குச் சொல்லிச் சலித்த கதை. "கொலஸ்ட்ரால்ங்கறது ஈரல் செய்யற சரக்கு. உடம்புல இருக்கற ஒவ்வொரு சின்ன செல்லுக்கும் சுவர் கட்ட அது வேணும். கடைத் தெருவுல சரக்கு குறைஞ்சா, நல்லா வித்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. பட்டறை படுத்திருக்கலாம், இல்ல குடோன்லயே அடைச்சு வெச்சிருக்கலாம். அபின் குடலை மந்தமாக்குது. பித்தம் இறங்காமத் தேங்குது. ஈரல் கொழுப்பை வெளிய விடாம உள்ளயே அடுக்குது. கொஞ்சம் ரத்தக்குழாய்ச் சுவர்ல போய் ஒட்டிக்குது. ரத்தத்துல எண் இறங்கிட்டே போகும். கடைசியில ஈரலால செய்யவே முடியாமப் போகும்போது இன்னும் நல்லா இறங்கும்."

"அப்ப குக்கர் வாங்குனவன்..."

"உங்க தம்பிக்குக் குக்கர் கிடைச்சுதா?"

தம்பி பெண்டாட்டி கோமு அதில்தான் பருப்பு வேக வைக்கிறாள்.

"சத்தியமா நான் குடிக்கல தாயி. சுடலையறிய குடிக்கல."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க," என்றாள் டாக்டர். பிடிபட்ட திருடனிடம் போலீஸ்காரன் பேசுகிற பொறுமை அதில் இருந்தது. கல்லையும் மண்ணையும் தூக்குகிறவள் பொய் சொல்வாள் என்று இவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள் போல.

ஆனால் அந்தப் பொய்யை உடனே நம்பிக்கொள்ள ஒருவர் இருந்தார். கிரிதரன் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்தவரின் முகம் தீபாவளிப் போனஸ் வாங்கியது போலிருந்தது.

"டாக்டர், அம்மா பொய் சொல்ல மாட்டாங்க. ஊருக்கே தெரியும், அவங்க ஒரு வாய் குடிச்சதில்லை. எங்க ரெக்கார்டும் அதான் சொல்லுது. குடிக்காதவங்களுக்கும் இதே ஈரல்னா, கஞ்சிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னுதானே ஆகுது? மாவுச் சத்து, பரம்பரை... நான் சொல்லணுமா உங்களுக்கு? உச்சிமாகாளிக்கும் அதேதான்."

டாக்டர் யோசித்தாள். அவள் யோசிப்பதை முப்பிடாதி பார்த்தாள். ஏழெட்டு வருஷமாகக் கஞ்சியைக் காறித் துப்பியவளின் வாயை வைத்தே கஞ்சிக்குக் கற்பூரம் காட்டப் பார்க்கிறான். அதற்காகக் குடித்தேன் என்று சொல்ல முடியுமா? குடிக்கவில்லை என்பதுதானே உண்மை?

அவர்கள் வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது கோமு வந்தாள். புருஷனைப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்திருந்தாள். கையில் எவர்சில்வர் தூக்குவாளி.

"நீத்தண்ணி நீத்தண்ணின்னு போனுல உசிர வாங்குனியளே மதினி. ஒங்க வீட்டுப் பானையிலருந்துதான் கோதிட்டு வாரேன். நர்சம்மா பாக்குறதுக்குள்ள குடிங்க. என்ன இப்பிடி மொகம் செத்துக் கெடக்கு?"

"பேசாத, கொண்டா."

முப்பிடாதி வாளியோடு வாயில் கவிழ்த்தாள். புளிப்பு நாக்கில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளியைக் கடிக்கக்கூடப் பொறுமை இல்லை. பாதி வாளி தீர்ந்தது. கோமு வீட்டுக் கதை, ஆட்டுக் கதை, பக்கத்து வீட்டுக்காரி வேலியை நகர்த்திய கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அந்த வேலிக்காரியை மூன்றாம் தடவையாக மண்ணள்ளித் தூற்றியபோது முப்பிடாதிக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது.

கால் குடையவில்லை.

மூக்கு காய்ந்திருந்தது. சிலிர்த்து நின்ற மயிர் படிந்திருந்தது. ஆணியைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். இடுப்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. உடம்பு முழுக்க வெயில் காய்ந்த போர்வை போல ஒரு இதம். இந்த இதம் அவளுக்குப் பழக்கமானது. ஐந்து வருஷமாகத் தினமும் காலையில் இதோடுதான் யார்டுக்குப் போகிறாள். இதைத்தான் அவள் தன் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆடாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் செத்தான். துக்க வீட்டில் பழைய பானையை உடைத்துவிடுவது அவர்கள் வழக்கம். காரியம் முடிந்து அடுப்பு மூட்டும் நாளில் பிறந்த வீட்டிலிருந்து புதுப்பானை வர வேண்டும். வெறும் பானையாக வரக் கூடாது. பிறந்த வீட்டுப் பழையதும் நீத்தண்ணியும் நிறைந்து வர வேண்டும். அந்த நீத்தண்ணியில் ஒரு கை விட்டுத்தான் அடுத்த நாள் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது. அதில் ஒரு கை அதற்கடுத்த நாளுக்கு. பானை வறண்டால் குடும்பம் வறளும் என்று யாரும் முழுக்கக் கழுவிக் கவிழ்ப்பதில்லை. உச்சிமாகாளி தலையில் சுமந்து வந்து அந்தப் பானையை இறக்கினான். அவன் வீட்டில் சனிக்கிழமைப் பாட்டிலில் மிஞ்சியதைச் சிந்த மனமில்லாமல் கோமு பானையில்தான் ஊற்றுவாள். வெளியே விட்டால் நொதி செத்துப்போகும் என்று யார்டில் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்கள் பிரிட்ஜில் சோறு வைத்துத் தின்கிறவர்கள். நூறு வருஷம் சாகாத நீத்தண்ணியைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

அதற்கப்புறம்தான் முப்பிடாதிக்கு மேல்வலி போனது. அடுப்பில் கை சுட்டாலும் உறைக்கவில்லை. துக்கம் ஆளை மரக்க வைத்துவிட்டது என்று எண்ணினாள். ஊரில் உள்ள ஆண்களையெல்லாம் பேடி என்று ஏசிக்கொண்டு, அவர்கள் குடித்ததையே அவளும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தூ.

"ஏட்டி கோமு, அந்த டாக்டரக் கூப்பிடு. மிச்சத்தச் சிந்திராத, கீழ வையி."

டாக்டரோடு கிரிதரனும் வந்தார். முப்பிடாதி வாளியை நீட்டினாள்.

"இதப் பாருங்க தாயி. எங்க வீட்டுப் பானைத் தண்ணி. காலையில நான் எப்பிடிக் கெடந்தேன், இப்ப எப்பிடி இருக்கேன்னு நீங்களே பாத்துக்கிடுங்க. ஒங்க நொதி இதுக்குள்ளதான் குடியிருக்கு."

டாக்டர் அவள் கண்ணைப் பிடித்துப் பார்த்தாள். கண்மணி சுருங்கிக் கடுகாய் இருந்தது. வாளியை வாங்கி மோந்து பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது. "வீட்டுப் பானையில உயிரோட இருக்கா? அப்படின்னா... சோறு பகிர்ந்து சாப்பிடற எல்லா வீட்லயும்?"

"பொம்பளையளும் குடிக்காவ. புள்ளையளும் குடிக்கு."

"ஒரு நிமிஷம்," என்றார் கிரிதரன். அவர் நெற்றி வேர்த்திருந்தது. "இது எப்படி உங்க பானைக்கு வந்துச்சு? யாரு கொடுத்தா?"

கோமுவின் வாய் எதையோ சொல்லத் திறந்தது. இன்னும் அவளுக்கு முழுசாக விளங்கவில்லை, விளங்கிக்கொண்டிருந்தது. விளங்கினால் இப்போதே கீழே ஓடிப் புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து மாரடிப்பாள். தன்னைக் காப்பாற்ற வேண்டிய ஈரலைத் தானே தலையில் பானையைச் சுமந்துபோய்க் கெடுத்தோம் என்று தெரிந்துகொண்டா அவன் கிடக்க வேண்டும்?

"நாந்தான்," என்றாள் முப்பிடாதி. "யார்டுலருந்து ஒரு சொம்பு கோதிக் கொண்டு போனேன். வலி பொறுக்கல."

"அப்போ திருட்டு," என்றார் கிரிதரன். மூச்சு அவருக்கு ஒழுங்காக வந்தது. "கம்பெனி சொத்தை அனுமதி இல்லாம வெளிய கொண்டு போயிருக்காங்க. குறிச்சுக்கங்க டாக்டர், கம்பெனி பொறுப்பாகாது."

"ஆமாவே, திருட்டுதான். போலீசக் கூப்பிடும். வாளியையும் கூட்டிட்டே போறேன், கோர்ட்டுல ஜட்ஜுக்கு ஒரு வாய் ஊத்திக் குடுப்போம்."

டாக்டர் வாளியைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். "இது லேபுக்குப் போகுது," என்று கிரிதரனிடம் சொன்னாள். பிறகு முப்பிடாதியிடம், "உங்களை நம்பாததுக்கு..." என்று தொடங்கினாள்.

"அது கெடக்கட்டும். என் ஈரல் தேறுமா?"

"நொதியைக் கொல்ல மருந்து இருக்கு. நிறுத்தினா வலி திரும்ப வரும், இன்னும் மோசமா வரும். தாங்கிட்டீங்கன்னா ஆறு மாசத்துல ஈரல் ஓரளவு தேறலாம்."

"அவன் ஆறு மாசம் இருப்பானா?"

டாக்டர் வாளி மூடியைச் சரிசெய்தாள்.

சாயங்காலம் முப்பிடாதி கீழே இறங்கிப் போனாள். அவளுக்கு முன்னாலேயே செய்தி இறங்கியிருந்தது. உச்சிமாகாளி தலையணையில் சாய்ந்து, மஞ்சள் கண்ணால் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"கஞ்சி குடிச்சியாமே. கோமு சொல்லுதா."

"குடிச்சேன்."

"நீயா?"

"நாந்தான். வலி தாங்கல. களவாண்டு கொண்டு போயிக் குடிச்சேன்."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். உப்பிய வயிறு குலுங்கியது. "எங்கள எல்லாம் பேடிப் பயலுவன்னு ஊரு கூட்டி வஞ்சியே. சங்கரபாண்டி வெரலு போனப்ப அத எடுத்து அவன் சட்டப்பையில போட்டு, பொண்டாட்டிட்ட குடுன்னு சொன்னியே. நீயா மூதி?"

"சிரிக்காதல. வயிறு பொளந்துரும்."

"பொளக்கட்டும். இதுக்காவவே சாவலாம்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வாழ்நாள் முழுக்க யாரிடமும் தோற்காதவள், இந்தப் பயலிடம் தோற்றுவிட்டு அவன் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கி அவன் மூச்சு வாங்கிய பிறகு, "ஆறு மாசம் இருந்துக்கோ. பொறவு அறுப்பாவ," என்றாள்.

"இருக்கேன்." அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். தூங்கிவிட்டான் என்று அவள் எழுந்தபோது, முகத்தைத் திருப்பாமலே சொன்னான்.

"அத்தான் செத்தப்ப நான் கொண்டாந்தேம்லா, அந்தப் பானை. அத ஒடச்சுப் போட்டுரு அக்கா."

முப்பிடாதி நின்ற இடத்தில் நின்றாள். "ஒடக்கேன்," என்றாள்.

மாடிப்படி ஏறும்போது நொதியைக் கொல்லும் மாத்திரை அவள் கையில் இருந்தது. தண்ணீர் இல்லாமலே விழுங்கினாள். விடிவதற்குள் அந்த ஆணி திரும்பி வரும். ஐந்து வருஷத்து வலி மொத்தமாக வரும். வரட்டும். பிறந்த வீடு தன் முறையைச் செய்துவிட்டது. தம்பிக்கு அவள் தர வேண்டிய பாதி ஈரல் பாக்கி நிற்கிறது.